தலைதீபாவளிக்கு வந்த சைக்கிள்

அந்தத் தீபாவளியன்று வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, நான், அக்காவைக் கட்டிய அத்தான். வராதவர் அத்தானின் அம்மா. தலைதீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தால் போதும், சம்பந்தியம்மாவும் வரவேண்டும் என்று முறை ஒன்றும் கிடையாது. ஆனாலும் சாங்கியில் இருந்தபடியே அன்று எங்கள் அறையில் அதிகம் பேசப்பட்டவர் அவர்தான். அதுவும் அம்மாவும் அக்காவும் அடுப்படியில் குனிந்துகொண்டு பேசிய தாழ்ந்த குரலில்.

அப்போது நாங்கள் பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தோம். பலகைத் தடுப்பு போட்டுப் பிரித்த அறைகளில் எங்களுடையது படிக்கட்டை ஒட்டியது. அப்பா துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கினார். எனக்குப் பதினேழு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் என்று போன முதல் ஆள் நான். அக்காவை அனுப்பவில்லை. அவள் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டது என் சிலேட்டில், நான் தூங்கிய பிறகு.

அக்காவுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. அத்தான் சாங்கி விமானத் தளத்தில் சாமான் கிடங்கில் வேலை பார்த்தார். நல்ல வேலை, குடிப்பழக்கம் இல்லை, ஒரே பிள்ளை. அந்த வீட்டில் அக்கா நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்த வருடம் இருந்த ஒரே கவலை. வந்த அன்றே அம்மா கேட்டாள், “உன் மாமியா எப்படிடீ?” அக்கா முறுக்குப் பிழிந்துகொண்டே சொன்னாள், “நல்லாத்தான் இருக்காங்க. என்கிட்ட நேரா எதுவும் சொல்ல மாட்டாங்க. செவுத்துகிட்ட சொல்வாங்க, நான் கேட்டுக்கணும்.”

அது எங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். நிச்சயத்தன்று அந்த அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே மேலே உத்தரத்தைப் பார்த்து, “பையன் ஏறிப் போற வண்டியும் பழசாத்தான் போச்சு” என்றார். அப்பா உடனே, “தீபாவளிக்குப் பார்க்கலாம் சம்பந்தி” என்றார். அப்பா சொன்ன ‘பார்க்கலாம்’ எங்கள் வீட்டு அகராதியில் முடிந்தால் பார்ப்போம் என்று பொருள்படும். பிறகு கல்யாணச் செலவு ஏறியது. தீபாவளிக்கு அத்தானுக்கு ஒரு மோதிரமும் வேட்டி சட்டையும் எடுத்தோம். மோதிரம் போட்டாகிவிட்டது, வண்டிப் பேச்சு அதோடு போயிற்று என்று அப்பா நம்பிவிட்டார். நானும்தான்.

முதல் நாள் மாலை அத்தான் அக்காவைக் கேரியரில் உட்கார வைத்துச் சாங்கியிலிருந்து மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வண்டியைப் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்திவிட்டு, “அப்பாடா, இந்த வண்டில வந்து சேர்றதே பெரிசு மாமா” என்று சிரித்தார். அப்பாவும் சிரித்து, “தூரம் கொஞ்சமாவா மாப்பிள்ளை” என்றார்.

விடியற்காலையில் அம்மா அத்தான் தலையில் எண்ணெய் வைத்தாள். குளித்து, புது வேட்டி கட்டி, மோதிரம் போட்டு, இட்டிலியும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டு, மத்தியானம் மறுபடியும் சாப்பிட்டு, எங்கள் அறையில் இருந்த ஒரே கட்டிலில் அத்தான் படுத்தார். மறுநாள் வேலை என்பதால் சாயங்காலமே கிளம்ப வேண்டும். அக்காவின் பெட்டி அப்போதே கட்டித் தயாராக இருந்தது.

அப்பாவால் சும்மா இருக்க முடியாது. கீழே போய் அத்தானின் சைக்கிளைப் பார்த்தார். திரும்பி வந்து அம்மாவிடம், “நல்லெண்ணெய் மிச்சம் இருக்கா?” என்றார்.

“எதுக்கு?”

“மாப்பிள்ளைக்குத் தேய்ச்சாச்சு. மாப்பிள்ளை வண்டிக்கு?”

அம்மா சிரித்துவிட்டாள். “சீயக்காயும் தரட்டுமா?”

அப்பா பழைய வேட்டித் துணியைக் கிழித்து என் கையில் கொடுத்தார். இருவரும் கீழே இறங்கி வண்டியைத் துடைத்தோம். சக்கரக் கம்பி ஒவ்வொன்றாகத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டோம். அப்போதுதான் அப்பா கவனித்தார். சக்கரம் நேராக நின்றால் ஹேண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சக்கரத்தை முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலை லேசாகத் திருப்பினார். திரும்பியது. சக்கரம் அப்படியே நின்றது.

“பாரு, ஹேண்டில் வழுக்குது. இதுலயா என் பொண்ண உக்கார வச்சு ஓட்டிட்டு வந்தாரு?” அப்பாவின் குரல் மாறிவிட்டது. “சாங்கி ரோட்டுல எவ்ளோ லாரி போகுது.”

கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாயிடம் ஸ்பானர் இருந்தது. வாங்கப் போனபோது அவர் தோசைக்கல்லை விட்டு நிமிராமல் கேட்டார், “மறை கழண்டது வண்டிக்கா, மாப்பிள்ளைக்கா?”

“மெதுவாப் பேசுங்க பாய். மேல தூங்கறாரு” என்றார் அப்பா.

ஹேண்டில் தண்டின் உச்சியில் ஒரு போல்ட் தலை தெரியும். அது தண்டுக்குள் நீளமாக இறங்கி, அடியில் கூம்பு மாதிரி இருக்கும் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்திருக்கும். மேலே திருகினால் கீழே கூம்பு ஏறித் தண்டின் வாயை அகட்டும், ஹேண்டில் அசையாது. இவ்வளவும் நான் அன்று மாலைக்குள் தெரிந்துகொண்டது. அப்பாவுக்குத் தெரிந்தது திருகினால் இறுகும் என்பது மட்டுமே. மூட்டை தூக்கும் கை. முதல் சுற்று வந்தது. இரண்டாவது வந்தது. “இன்னும் ஒரு அழுத்து” என்றார். டக் என்று ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு ஸ்பானர் காற்றில் சுற்றுவது போலச் சுற்றியது.

அப்பா போல்ட்டின் தலையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். விரல் நீளத்துக்கு வந்தது. அடிப்பக்கம் இல்லை.

அப்பாவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. கிடங்கில் மூட்டை சரிந்து காலில் விழுந்தபோதுகூட அவர் அப்படி ஆகவில்லை. மாடியை ஒரு முறை பார்த்தார். “மாப்பிள்ளை வண்டிய உடைச்சுட்டேன்டா” என்று கிசுகிசுத்தார். “தலைதீபாவளிக்கு வந்த இடத்துல. அந்தம்மா காதுக்குப் போச்சுன்னா நம்ம பிள்ளையில்ல பேச்சுக் கேக்கணும்.”

“போய்ச் சரி பண்ணிடலாம்பா. எழுந்திரிக்கிறதுக்குள்ள.”

“சத்தம் போடாம உருட்டு.”

தமிழ்க் கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. ரோவல் ரோட்டு முனையில் ஒரு சீனர் கடைவாசல் நடைபாதையில் சைக்கிள் பழுது பார்ப்பார். அவர் இருந்தார். போல்ட் துண்டை வாங்கிப் பார்த்து, ஹேண்டிலை ஆட்டிப் பார்த்து, “எஸோக்” என்றார். நாளைக்கு வா.

“எஸோக் தா புலே, தவுக்கே” என்று அப்பா தன் சந்தை மலாயில் கெஞ்சினார். நாளைக்கு முடியாது, முதலாளி. “இது மாப்பிள்ளை வண்டி.”

“மாப்ளே?” எங்கள் தேக்கா வட்டாரத்தில் இத்தனை வருடம் இருந்தவருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. “மாப்ளே பெரிய ஆளா?”

“ரொம்பப் பெரிய ஆள்.”

சீனர் சிரித்துக்கொண்டு சுத்தியலை எடுத்தார்.

ஹேண்டிலைத் தட்டித் தட்டி மேலே உருவினார். உருவும்போது கூடவே ஏதோ ஒன்று தரையில் விழுந்தது. மடித்த தகரத் துண்டு. பிஸ்கட் டின்னிலிருந்து வெட்டியது, ஓரத்தில் பச்சையும் பொன்னிறமுமாகப் பூ இருந்தது. தண்டுக்கும் குழாய்க்கும் நடுவே யாரோ அதைச் செருகி வைத்திருந்தார்கள், ஹேண்டில் வழுக்காமல் இருக்க. சீனர் அதைக் காலால் ஒதுக்கினார். நான் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தண்டின் பிளந்த வாயில் கூம்பு கவ்விக்கொண்டிருந்தது. ஒரு கம்பியை மேலிருந்து விட்டு அடித்ததும் அது கழன்று உருண்டது. அதற்குள் போல்ட்டின் மிச்சம். தலையும் இல்லை, பிடிக்க நுனியும் இல்லை, கூம்பின் முகத்தோடு மட்டமாக முறிந்திருந்தது. “புதுக் கூம்பு இல்லையா?” என்று கேட்டேன். அவர் ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் அந்தத் தண்டுக்குச் சேரவில்லை. பழைய இங்கிலீஷ் வண்டி, இந்த அளவு இப்போது வருவதில்லை என்றார். ஆக, இருக்கும் கூம்பிலிருந்து முறிந்த துண்டை எடுத்தே ஆக வேண்டும்.

மண்ணெண்ணெயில் போட்டுக் கொஞ்ச நேரம் ஊற வைத்தார். பிறகு கூம்பை இடுக்கியில் இறுக்கி, சின்ன உளியின் மூலையை முறிந்த துண்டின் விளிம்பில் சாய்த்து வைத்து, கழலும் திசையில் தட்டினார். உளி வழுக்கியது. மறுபடி தட்டினார். துண்டின் விளிம்பு நசுங்கியது, துண்டு அசையவில்லை. இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடைவாசலில் சாரல் அடித்தது. அப்பா நிமிடத்துக்கு ஒரு தரம் தெருமுனையை எட்டிப் பார்த்தார், அத்தான் குடை பிடித்துக்கொண்டு வந்துவிடுவார் என்பது போல.

வந்தது அக்கா. முக்காட்டுக்கு மேல் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, தூக்கில் காப்பியோடு வந்தாள். பிரித்துப் போட்டிருந்த வண்டியைப் பார்த்தாள். அதிர்ச்சி எதுவும் அவள் முகத்தில் இல்லை. எனக்கு அது அப்போது வித்தியாசமாகப் படவில்லை.

“அவர் எந்திரிச்சுட்டாரா?” என்றார் அப்பா.

“இல்லப்பா. நீங்க ஏன்பா இவ்ளோ மெனக்கெடறீங்க? விட்டுடுங்களேன்.”

“விடறதா? இது உன் வீட்டு வண்டிம்மா.”

“அதான் சொல்றேன். இருக்கற மாதிரியே இருந்துட்டுப் போவட்டும்.”

“நீ போம்மா, நனையாதே. அப்பா சரி பண்ணித் தரேன்.”

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு காப்பியை ஊற்றிச் சீனருக்கும் ஒரு குவளை கொடுத்துவிட்டுப் போனாள்.

சீனர் கூம்பைக் கையில் எடுத்து, “அப்பி” என்றார். நெருப்பு. சூடு காட்டினால் இரும்பு விரிந்து பிடி விடும். அவரிடம் அடுப்பு இல்லை. நான் கூம்பை இடுக்கியோடு எடுத்துக்கொண்டு மழையில் பாய் கடைக்கு ஓடினேன். பாய் கரியடுப்பின் மேலிருந்த சட்டியை நகர்த்திவிட்டு இடம் கொடுத்தார். “என் அடுப்புல இன்னைக்கு என்னென்னமோ வேகுது. மாப்பிள்ளைக்கு இதையா பரிமாறப் போறீங்க?” கூம்பு செந்நிறம் ஏறும்வரை நின்றேன். திரும்பி ஓடும்போது மழைத்துளி பட்டு அது சீறியது. துணியால் மூடிக்கொள்ள முடியாது, அணைக்கவும் கூடாது. வாழ்க்கையில் ஒரு பொருளை அவ்வளவு கவனமாக நான் தூக்கிச் சென்றதில்லை.

சீனர் உளியை வைத்து ஒரே தட்டு. துண்டு நூலளவு நகர்ந்தது. மூன்று பேரும் ஒன்றாக ‘ஆ’ என்றோம். அப்புறம் தட்டத் தட்டச் சுற்றி வந்தது. கடைசியில் துணியைச் சுற்றிக் கையாலேயே திருகி எடுத்தார். என் உள்ளங்கையில் போட்டார். இன்னும் சுட்டது. மறை கழண்டவன் என்று எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், மறை என்பதை உற்றுப் பார்த்தது அன்றுதான். போல்ட்டைச் சுற்றிச் சுற்றி இறங்கும் மெல்லிய வரி.

மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் பொருத்திப் பார்த்தேன். கீழ்த் துண்டு நெருப்பில் கறுத்திருந்தது. மேல் துண்டின் முறிந்த முகம்தான் கண்ணில் பட்டது. முக்கால்வாசி பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. ஓரத்தில் மட்டும் பிறை போல ஒரு கீற்று பளபளத்தது. அந்தக் கீற்றுதான் அன்று அப்பா கையால் முறிந்தது. மற்றதெல்லாம் எப்போதோ வெடித்து, மழைத்தண்ணீர் இறங்கி, துருப்பிடித்துக் கிடந்தது.

“அப்பா, இதைப் பாருங்க. இது நீங்க உடைச்சது இல்ல. ஏற்கெனவே உடைஞ்சு கெடந்திருக்கு.”

அப்பா துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சீனரிடம் நீட்டினார். அவர் தலையசைத்து, “லாமா” என்றார். பழசு. அப்பாவின் தோள் இறங்கியது. “முருகா” என்றார். பிறகு, “நல்ல வேளைடா. நம்ம கையில உடைஞ்சுது. ரோட்டுல உடைஞ்சிருந்தா ரெண்டு பேருமில்ல போயிருப்பாங்க” என்றார். அந்த ஒரு மணி நேரம்தான் அன்றைக்கு அப்பா நிம்மதியாக இருந்தது.

அந்த அளவு போல்ட் சீனரிடம் இல்லை. சுங்கை ரோட்டில் சாக்கை விரித்துப் பழைய இரும்பு விற்பவர்களிடம் நான் ஓடி, மழைக்குச் சுருட்டிக்கொண்டிருந்த ஒருவரை நிறுத்தி, அதே நீளம், அதே மறையில் ஒன்று பொறுக்கி வந்தேன். தலை மட்டும் கொஞ்சம் பெரிது. சீனர் கூம்புக்கு எண்ணெய் விட்டு மாட்டி, இறுக்கி, சக்கரத்தைத் தன் காலுக்கிடையில் வைத்து ஹேண்டிலை இரண்டு கையாலும் முறுக்கினார். அசையவில்லை. இப்போது தகரத் துண்டு தேவைப்படவில்லை.

நாங்கள் வண்டியோடு திரும்பியபோது அத்தான் முகம் கழுவி, தலை சீவி, படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் இருவரின் நனைந்த சட்டையையும் கறுத்த கையையும் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். போல்ட் தலை புதிதாக இருப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“என்ன மாமா இது?”

அப்பா ஒளிக்கவில்லை. நிம்மதியோடு இருந்த மனிதர் அல்லவா. “உள்ளுக்குள்ள வெடிச்சிருந்துச்சு மாப்பிள்ளை. பாத்தா தெரியாது. ஹேண்டில் வழுக்குச்சு, நான் முறுக்கினேன், படக்னு போச்சு. பயந்தே போய்ட்டேன். இப்ப எல்லாம் கழட்டி, துரு எடுத்து, புது போல்ட்டு போட்டாச்சு. முறுக்கிப் பாருங்க. இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்லாம ஓடும்.”

அத்தான் முறுக்கிப் பார்க்கவில்லை. “பத்து வருஷமா” என்றார்.

“தாராளமா!”

அக்கா மேல்படியில் நின்றிருந்தாள். அவள் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அத்தான் மேலே போய்க் காப்பி குடித்தார். பலகாரப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அம்மாவிடம், “போயிட்டு வர்றேன் அத்தை” என்றார். கோபம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கீழே வந்ததும் வண்டியைத் தாண்டி நடந்தார்.

“மாப்பிள்ளை, வண்டி?” என்றார் அப்பா.

“மழையா இருக்கு மாமா. பஸ்ல போயிடறேன். பத்து வருஷம் ஓடற வண்டி, இங்கேயே ஓடட்டும்.” சிரித்தார். “அவளும் கொஞ்ச நாள் உங்களோட இருந்துட்டு வரட்டும். எங்க ஓடிப் போகப் போறா.”

அக்காவின் பெட்டி கட்டியபடியே இருந்தது.

அப்பாவுக்குப் புரியவில்லை. “நல்ல மனுஷன், பொண்ண இன்னும் நாலு நாள் இருக்கச் சொல்லிட்டாரு” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா பாத்திரம் கழுவினாள். நான் பையிலிருந்த தகரத் துண்டையும் போல்ட் துண்டுகளையும் எடுத்து அக்காவிடம் காட்டினேன். “அக்கா, அத்தானுக்குத் தெரிஞ்சிருக்கு. இது வழுக்குதுன்னு தெரிஞ்சுதான் இதைச் செருகி வச்சிருக்காரு. தெரிஞ்சே உன்னை ஏத்திட்டு வந்திருக்காரு. நான் சாங்கிக்குப் போய்க் கேக்கறேன்.”

அக்கா தகரத்தை வாங்கிப் பூவைத் தடவினாள். “இதை வெட்டினது நான்தான்” என்றாள்.

“நீயா?”

“போன மாசம். அவரு புடிச்சுக்கிட்டாரு, நான் கத்திரிக்கோலால வெட்டினேன். புது போல்ட்டு போட அவருக்குக் காசு இல்லாமயா? அத்தைதான் செவுத்தப் பாத்துச் சொன்னாங்க. ‘தீபாவளி வருது. வண்டி இருக்கற லட்சணத்துலயே போகட்டும். பாக்கறவங்க கண்ணுக்குத் தெரியும்ல’னு.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வந்து சேர்ந்தபோது அத்தான் சிரித்துக்கொண்டு சொன்னதும்தான். அந்த வண்டி சும்மா வரவில்லை, கேட்க வந்தது. வாய் திறந்து கேட்காமல் ஹேண்டிலைச் சாய்த்துக் காட்டிக் கேட்டது. அப்பா ‘பார்க்கலாம்’ என்று சொன்ன தீபாவளி வந்துவிட்டது, பாருங்கள் என்றது. அப்பா பார்த்தார், மழையில் நனைந்து பழுது பார்த்துக் கொடுத்தார். நாங்கள் எவ்வளவுக்கெவ்வளவு ஒழுங்காக அந்தத் துண்டை எடுத்தோமோ அவ்வளவுக்கவ்வளவு அது மறுப்பாகப் போய்விட்டது. பத்து வருஷம் ஓடும் என்று வாக்குமூலம் வேறு.

“ஏன்கா முன்னாடியே சொல்லல?”

“எப்படிச் சொல்வேன்? எனக்குச் சைக்கிள் வாங்கிக் குடுங்கன்னு அப்பாகிட்ட நானா கேக்கறது? மோதிரத்துக்கு அப்பா வாங்கின கடனே தீரல.”

“அப்ப நான் போய் அத்தான் முன்னாடி இதை வைக்கறேன். உசிரோட விளையாடற வேலை இது.”

“வை. நீ படிச்சவன், உன் பேச்சுதான் ஜெயிக்கும். ஜெயிச்சுட்டு நீ வீட்டுக்கு வந்துடுவே. நான் அங்கதான்டா சோறு திங்கணும்.” தகரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “அப்பாகிட்ட சொல்லிடாதே.”

நான் சொல்லவில்லை. பள்ளி இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. புத்தகத்தை விரித்தால் எழுத்துக்குப் பதிலாக அந்தத் துருப்பிடித்த முகம் தெரியும். அக்கா கூடவே உட்கார்ந்து அரிசி பொறுக்குவாள். தேக்கா சந்தைக்குப் போனால் தெரிந்தவர்கள், “இன்னும் கெளம்பலியா?” என்று கேட்பார்கள். அம்மா, “நாங்கதான் இருக்கச் சொன்னோம்” என்பாள். பிறகு அம்மா அக்காவைச் சந்தைக்கு அழைத்துப் போவதை நிறுத்திவிட்டாள். சாங்கியிலிருந்து யாரும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தானே சாங்கிக்குப் போய் வந்தார். வந்ததும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் இங்கிலீஷைத் தமிழில் சொல்வது என் வேலை. அப்படிக் கடிதம் நீட்டும் முகத்தோடுதான் கேட்டார்.

“காப்பியெல்லாம் நல்லாத்தான் குடுத்தாங்க. பொண்ணப் பத்திப் பேச்சே எடுக்கல. பஸ்ஸப் பத்தியே பேசறாங்கடா. ‘பஸ்லயா வந்தீங்க சம்பந்தி? பையனும் இப்ப பஸ்லதான் போறான். கூட்டம். நின்னுக்கிட்டே போறான்’னு. திருப்பித் திருப்பி பஸ்ஸு. என்னன்னே புரியல.”

அன்று நான் அப்பாவுக்குத் தமிழைத் தமிழில் சொன்னேன். அக்கா தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வந்து நிறுத்தவில்லை. தகரத் துண்டை மட்டும் நான் காட்டவில்லை.

அப்பா வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே” என்றார். கொஞ்சம் கழித்து, “நானும் வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். பார்க்கலாம்னுதானே சொன்னேன்” என்றார். மறுநாள் வேலை முடிந்து வரும்போது தவணைக்குச் சைக்கிள் தரும் கடைக்குப் போனார். முன்பணத்துக்காக அம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று.

கரும்பச்சை நிறம், தோல் இருக்கை, பளபளவென்று ஹேண்டில். அதை நான்தான் சாங்கிக்கு மிதித்துப் போனேன். அப்பாவும் அக்காவும் பெட்டியோடு பஸ்ஸில் வந்தார்கள். வழி நெடுகத் தென்னந்தோப்பு, கடல் காற்று. இவ்வளவு நல்ல வண்டியில் நான் அதற்கு முன் ஏறியதில்லை. அதில் ஒரு துளி சந்தோஷமும் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். இறக்கத்தில் வந்துவிட்டது.

அத்தானின் அம்மா வாசலில் நின்று வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். “எதுக்கு இதெல்லாம்? நாங்க கேட்டோமா?” என்றார். இந்த முறை அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். “நாங்களா ஆசப்பட்டுத்தான்” என்றார் அப்பா. அத்தான் மணியை அடித்துப் பார்த்தார். பிறகு என் தோளில் கை போட்டு, “ஹேண்டில் எப்படி மாப்ளே, வழுக்குதா?” என்று கேட்டார். கேலிதான். ஆனால் கண் என்னைப் பார்க்கவில்லை. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குக் காப்பி கொண்டு வந்து வைத்தபோது, அங்கே போடுகிற அளவுக்குச் சர்க்கரை குறைத்துப் போட்டிருந்தாள்.

பழைய வண்டி என்னிடம் நின்றுவிட்டது. அதில்தான் தேர்வு எழுதப் போனேன், இப்போது வேலைக்கும் போகிறேன். சுங்கை ரோட்டு போல்ட் இன்றுவரை அசையவில்லை. முறிந்ததை எடுத்து அதைப் போட்ட கூலியும் போல்ட் விலையும் சேர்த்து ஒரு வெள்ளி இருபது காசு, அன்றே கொடுத்தாகிவிட்டது. புது வண்டிக்குத்தான் நாள் பிடித்தது. முன்பணம், மாதத் தவணை, வளையல் மீட்ட வட்டி, கடைக்காரர் தனியாகக் கணக்குப் போட்ட மணியும் பூட்டும், எல்லாம் சேர்த்து நூற்று எண்பத்தேழு வெள்ளி.